பரீட்சைக்கு ஒரு மருந்து, போர்க்களத்துக்கு ஒரு மருந்து

துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் குறியையும் குண்டின் வேகத்தையும் சிலாகிப்பது வழக்கம். ஆனால் அதைத் தோளில் சுமந்து செல்லும் சிப்பாய்க்கோ, விசையை இழுத்ததும் அது சுடுகிறதா, சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டைக் கக்கிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்கிறதா என்பதைக் காட்டிலும் பெரிய விஷயம் எதுவுமில்லை. அந்த நம்பிக்கையை உறுதி செய்து கொடுப்பதுதான் பரீட்சையின் காரியம். வியட்நாம் யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவ நிர்வாகம் இக்கடமையில் தவறியதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

ஆர்மலைட் கம்பெனியில் பணியாற்றிய யூஜீன் ஸ்டோனர் என்ற நிபுணர் வடிவமைத்து, 1959-ல் கோல்ட் கம்பெனி உரிமை பெற்று, பிற்காலத்தில் எம்-16 என்று பெயர் பெற்ற அந்தத் துப்பாக்கி, தோட்டா வெடிக்கும்போது பிறக்கும் வாயுவின் ஒரு பகுதியை மெல்லிய குழாய் வழியே பின்னுக்குக் கொணர்ந்து, அதன் பலத்தாலேயே தன்னைத்தானே மறுபடி நிரப்பிக்கொள்ளும் அமைப்புடையது. இத்தகைய யந்திரத்தில் வெடிமருந்தும் ஓர் உறுப்பே. மருந்து எரியும் வேகம் மாறினால், தோட்டாக்கூடு விரிந்து அறைச்சுவரை இறுகப் பற்றியிருக்கும்போதே பின்பக்கம் திறந்துவிடும். கூட்டின் விளிம்பைப் பற்றியிழுக்கும் கொக்கி அவ்விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வர, கூடு உள்ளேயே தங்கிவிடும்.

ஸ்டோனரின் படைப்பு, டூபான்ட் கம்பெனி செய்த குச்சிவடிவ மருந்துக்கு இணங்கி உருவாயிற்று. ராணுவம் விதித்த குண்டின் வேகத்தையும், அழுத்தத்தின் உச்சவரம்பையும் அம்மருந்தைக் கொண்டு ஒருசேர நிறைவேற்றுவது பெருமளவு உற்பத்தியில் சிரமமாயிற்று. ஆகவே, 1964-ல் ஓலின் கம்பெனியின் உருண்டைவடிவ மருந்துக்கு அனுமதி அளிக்கப்பட்டது. இதனால் துப்பாக்கி சுடும் விகிதம் மிகுந்து, நிமிஷத்துக்கு 850 என்ற எல்லையைத் தாண்டியது. அம்மருந்தில் சேர்ந்திருந்த கால்சியம் கார்பனேட்டு வாயுக்குழாயில் கசடாகப் படிந்தது. முடிவு செய்த பிறகே ஸ்டோனரின் அபிப்பிராயம் கேட்கப்பட்டது; அவர் கவலை தெரிவித்தும் பயனில்லை.

இதன்பின் நடந்ததுதான் கொடுமை. புது மருந்துடன் சோதித்தால் பல துப்பாக்கிகள் சுடும் விகிதத்தின் வரம்பைத் தாண்டித் தோற்றுவிடும் என்று தயாரிப்பாளர் முறையிட, பழைய மருந்து அடைத்த தோட்டாக்களைக் கொண்டே சோதித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. பழைய மருந்தால் தேர்ச்சி பெற்ற ஆயுதங்கள், பெரும்பாலும் புது மருந்துத் தோட்டாக்களோடு கடல் கடந்து போயின. சிப்பாயின் கையில் இருக்கப்போகும் தோட்டாவை வைத்துச் சோதிக்காத சோதனை என்ன சோதனை?

பசிபிக் யுத்தத்தின் ஈரம் கற்பித்த பாடத்தால் முந்திய எம்-14 துப்பாக்கியின் குழலுக்கும் தோட்டா அறைக்கும் குரோமியம் பூசிய அதே ராணுவம், இப்புதுத் துப்பாக்கியின் அறையைப் பூச்சின்றி அனுப்பியது. அறை துருவேறிச் சொரசொரத்தது. அடிக்கடி துடைக்கத் தேவையில்லை என்ற எண்ணம் பரவியிருந்ததால் துடைப்புக் கருவிகளும் போதிய அளவில் போய்ச் சேரவில்லை. எதிரியின் குண்டுகள் தலைக்கு மேல் பறக்க, சிப்பாய் துண்டு துண்டான துடைப்புக்கம்பியைத் திருகி இணைத்து, குழலின் வாய் வழியே உள்ளே செலுத்தி, சிக்கிய கூட்டைக் குத்தித் தள்ள வேண்டியிருந்தது; கம்பி இல்லாதவனுக்கு அந்த வழியுமில்லை. 1967-ல் கே சான் குன்றுகளில் நடந்த சண்டைக்குப் பின், செயலிழந்த துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்தபடி மாண்டுகிடந்த தோழர்களைப் பற்றி ஒரு மரைன் வீரர் வீட்டுக்கு எழுதிய கடிதம், பத்திரிகை வழியே காங்கிரஸ் சபைக்கு எட்டியது.

தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் தன் பங்குக்குத் துன்பம் கொடுத்தது. வீசியெறியலாம் என்ற கருத்தில் மெல்லிய அலுமினியத் தகட்டில் செய்த அப்பெட்டியின் வாய் உதடுகள் நெளிந்தால் தோட்டா கோணலாக ஏறும். இருபது தோட்டா கொள்ளும் பெட்டியில் பதினெட்டே நிரப்புவது என்ற வழக்கத்தைப் பல சிப்பாய்கள் கைக்கொண்டார்கள். பெட்டிக்குள் தோட்டாவை மேலே தள்ளும் ஸ்பிரிங்கின் மீது அவர்களுக்கு அவ்வளவே நம்பிக்கை. பரீட்சைக்கூடம் செய்திருக்க வேண்டிய சோதனையைத் தம் உயிரையே பணயமாக வைத்துச் செய்தவர்கள் அவர்கள்.

ரிச்சர்ட் இகார்ட் தலைமையில் விசாரித்த காங்கிரஸ் உட்குழு 1967 அக்டோபரில் அளித்த அறிக்கையில், நிர்வாகத்தின் போக்கு குற்றவியல் அலட்சியத்தை ஒட்டியது என்று கடுமையாகக் கண்டித்தது. அவ்வாண்டிலேயே தோட்டா அறைக்குக் குரோமியம் பூசும் ஏற்பாடு வந்தது. பின்தள்ளலின் வேகத்தை மட்டுப்படுத்தும் கனத்த தாங்கி பொருத்தப்பட்டது. மருந்தில் சேரும் கால்சியம் கார்பனேட்டின் அளவு பின்னர் குறைக்கப்பட்டது. சித்திரக்கதை வல்லுநர் வில் ஐஸ்னரைக் கொண்டு, துப்பாக்கியையும் மேகசினையும் தோட்டாவையும் பேணும் முறையைப் படங்களால் விளக்கும் சிறு கையேடு ஒன்றை ராணுவம் 1968-ல் தயாரித்துச் சிப்பாய்களுக்கு வழங்கியது.