மகளிரியல் மையம்: துறையா, திட்டமா?

இந்தியப் பல்கலைக்கழகங்களில் மகளிரியல் வேரூன்றிய வரலாற்றில் 1974 ஒரு திருப்புமுனை. ஒன்றிய அரசு 1971இல் அமைத்த பெண்களின் நிலை குறித்த குழு, அவ்வாண்டு 'சமத்துவத்தை நோக்கி' என்னும் அறிக்கையை அளித்தது. ஆயிரம் ஆண்களுக்கு 1901இல் 972ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை, 1971இல் 930ஆகச் சரிந்திருந்தது. அரசியலமைப்பு சமத்துவத்தை உறுதியளித்துக் கால் நூற்றாண்டு ஆகியும் கல்விப்புலம் இச்சரிவைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

அதே ஆண்டில், பம்பாயின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் நீரா தேசாயின் முன்முயற்சியில் மகளிர் ஆய்வு மையம் உருவானது. 1981இல் முதல் தேசிய மகளிரியல் மாநாடும் அப்பல்கலைக்கழகத்திலேயே கூடியது. பாடத்திட்டத்தில் பெண்களுக்கென ஓர் அலகைச் சேர்ப்பதோடு மகளிரியல் நின்றுவிடவில்லை. வீட்டுவேலை ஏன் உழைப்பாகக் கணக்கிடப்படுவதில்லை என்று பொருளியலையே வினவியது.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மகளிரியலை ஊக்குவித்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவியால் மையங்கள் பெருகின. ஆனால் அவ்வுதவி, துறைகளுக்குரிய நிலையான ஒதுக்கீடாக அன்றி, பெரும்பாலும் ஐந்தாண்டுத் திட்டங்களைச் சார்ந்தே அமைந்தது. 2017இல் பன்னிரண்டாம் திட்டத்தோடு அம்முறையே முடிவுக்கு வந்தபோது, பல மையங்களின் எதிர்காலமும் அங்குப் பணியாற்றியோரின் வேலையும் கேள்விக்குள்ளாயின.

கணக்கில் வராத உழைப்பை ஆய்வுப்பொருளாக்கிய மையங்கள் பலவற்றுக்குப் பல்கலைக்கழகத்தின் நிலையான கணக்கில் இடம் கிடைக்கவில்லை. அந்த இடத்தை வழங்குவதே இன்று எஞ்சியுள்ள பணி.