மாற்றி மூட்டிய கைலி

ரெண்டு மாசம் முன்னாடி அம்மாவின் பழைய தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு ஓட வைத்தேன். முதல் வேலை, மகளின் ஃபிராக்குக்குக் கழுத்து ஓரம் கட்டுவது. துணியை நேராகப் பட்டி வெட்டி வளைவில் வைத்து அடித்தேன். கழுத்து பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்தது.

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் ஒரு அக்கா தைத்துக் கொடுப்பார். 1990-இல் பதினைந்து வயதில் படகேறி வந்தவர். அவரிடம் கொண்டுபோனேன். பார்த்ததும் சிரித்தார். "கிராஸ் பீஸ் வைக்கோணும் தம்பி. நேர்த்துணி வளையாது."

காரணம் எளிது. பாவு நூலும் ஊடை நூலும் அவை போகும் திசையில் இழுத்தால் அசையாது. 45 டிகிரி சாய்த்து இழுத்தால், நூல் நீளாவிட்டாலும் அவற்றுக்கு இடையிலுள்ள சதுரங்கள் சாய்ந்து துணி நீளும். அதனால்தான் கிராஸாக வெட்டிய பட்டி வளைவோடு போகும், ஓரமும் சீக்கிரம் பிசிறாது. ஒரு செ.மீ. ஓரம் தெரிய வேண்டுமென்றால் நாலு செ.மீ. அகலத்தில் வெட்ட வேண்டும்.

அக்கா டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய கட்டம்போட்ட கைலியை எடுத்தார். "அப்பான்ர பளையகாட் சாரம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பளையகாட் என்றால் பழவேற்காடு! அங்கிருந்து ரோடு வழியாக முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்குமா? டச்சுக் கம்பெனி 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரைக்கே தலைமையிடமாக வைத்திருந்த ஊர். இந்தக் கரையின் துணியைக் கொடுத்துத்தான் தென்கிழக்காசியத் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். மலாய்க்காரர்கள் கட்டம்போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலிகாட்' என்கிறார்கள். இலங்கையில் பளையகாட். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நெசவாளர்கள் நம் கட்டம்போட்ட லேஞ்சியை நகலெடுத்து, 'புல்லிகேட்' என்று நம் ஊர்ப் பெயரிலேயே விற்றார்கள். (லேஞ்சியே போர்த்துக்கீசியச் சொல்தான். அந்தக் கதை தனி.)

இத்தனை வருஷம் இதைப் படித்தும் நான் யோசிக்காத ஒன்று, கைலிக்கு ஓரமே கிடையாது. மேலும் கீழும் தறியிலேயே கரை முடிந்து வருகிறது. வெட்டிய ரெண்டு முனைகளும் ஒரே மூட்டில் மறைந்துவிடும். வேட்டியும் புடவையும் ஏறக்குறைய அப்படித்தான். ஓரம் ஒரு பிரச்சினையாவது, துணியை உடம்புக்கேற்ப வளைத்து வெட்டும்போது. ஐரோப்பாவில் அந்த ஓரத்துக்கு நெய்த நாடாவும் பட்டு ரிப்பனும் வைத்தார்கள். தையல் மெஷின் வந்தபின் கிராஸ் நாடா கடைச்சரக்கானது. அமெரிக்காவின் ரைட் கம்பெனி 1897-இல் தொடங்கியது அந்த வியாபாரத்தில்தான். நம் பக்கம் அது வீட்டுக்குள் வந்தது ஜாக்கெட் கழுத்து வழியாக.

அக்கா கைலியின் மூட்டைப் பிரித்தார். நைந்த பாகத்தை ஒதுக்கிவிட்டு ஒரு மீட்டர் சதுரம் வெட்டினார். அதை மூலைக்கு மூலை ரெண்டு முக்கோணமாக்கி, நேர் ஓரங்களைச் சேர்த்து ஒரு சாய்சதுரம் மாதிரி தைத்தார். சாய்ந்த ஓரத்துக்கு இணையாக நாலு செ.மீ.க்கு ஒரு கோடு. பிறகு மீதி ரெண்டு நேர் ஓரங்களையும் கைலி மூட்டுவதுபோல மூட்டினார். ஆனால் ஒரு கோடு தள்ளி. தப்பாக மூட்டுகிறார் என்றே நினைத்தேன்! அந்தக் குழாயின் ஒரு முனையிலிருந்து கோட்டைப் பிடித்து வெட்டிக்கொண்டே போனார். கத்தரிக்கோல் சுற்றிச் சுற்றி வந்தது, பட்டி அறாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. பத்தாயிரம் சதுர செ.மீ.யை நாலால் வகுத்தால் 25 மீட்டர். நான் போனில் கணக்குப் போட்டேன். அவர் ஏற்கெனவே "இருவத்தஞ்சுக்குக் கொஞ்சம் குறையும், தையலுக்குப் போகும்" என்றிருந்தார்.

நெசவாளி சதுரமாக நிறுத்திய கட்டமெல்லாம் பட்டியில் வைரமாக நின்றன.

பெரிய தையல் கம்பெனிகளில் இதை மெஷினில் வெட்டி, ஃபோல்டர் மாட்டி ஓட்டிவிடுவார்கள். அக்கா முன்பு ஒரு இடத்துக்கு வீட்டிலிருந்தே பீஸ் ரேட்டில் தைத்தார். கழுத்து அடிக்கத்தான் காசு. பட்டி வெட்டி, ஒட்டுப் போட்டு, மடித்துத் தேய்த்த நேரத்துக்கு இல்லை. வியாபார வரலாற்றைப் படிக்கும் நானும் துணி மூட்டைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், மூட்டை பிரித்தபின் நடக்கும் வேலையைப் பார்த்ததில்லை.

ஃபிராக் கழுத்து இப்போது நெளியாமல் உட்கார்ந்திருக்கிறது. கூலி தந்தேன், கைலிக்கு மட்டும் வாங்க மறுத்துவிட்டார்.

பழவேற்காட்டுச் செய்தியைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "இங்கயா? எங்கட ஊர்ப் பேரெண்டெல்லோ நினைச்சன். இப்பவும் நெய்யினமோ?" நான் போனபோதெல்லாம் அங்கே கண்டது மீனும் இறாலும் படகும்தான், தறிச் சத்தம் கேட்டதில்லை என்றேன். முப்பத்தைந்து வருஷமாக இங்கே இருந்தும் அவர் அந்தப் பக்கம் போனதில்லை.

"முகாமில பதிவு இல்லாத ஒரு ஞாயிறு பார்த்துச் சொல்லுறன்" என்றார், மிச்சப் பட்டியை அட்டையில் சுற்றிக்கொண்டே.