குறையை மறைத்த புள்ளிகள்

1825ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரின் பேக்வெல் நிறுவனம், இழுப்பறைகளுக்கான கண்ணாடிக் குமிழ்களை அச்சில் அழுத்திச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. பொருள் சிறிதே; விளைவு பெரிது. அதுவரை கண்ணாடிக் கலத்தின் வடிவம் பெரும்பாலும் ஊதுவோரின் மூச்சையும் கைப்பழக்கத்தையும் சார்ந்திருந்தது. இனி அது உலோக அச்சு செதுக்குவோரின் கைக்கு மாறியது.

உருகிய குழம்பை ஒருவர் கோலில் எடுத்து வந்து அச்சின்மேல் தொங்கவிடுவார். அழுத்துநர் வேண்டிய அளவைக் கண்ணால் மதித்துக் கத்தரியால் வெட்டி, நெம்புகோலை இழுப்பார். குழம்பு குறைந்தால் விளிம்பு நிரம்பாது. மிகுந்தால் கலம் தடித்துவிடும். திறன் தேவையற்றுப் போயிற்று என்போர் இந்த மதிப்பீட்டை மறந்துவிடுகின்றனர்.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. குளிர்ந்த உலோகம் பட்ட பரப்பு மங்கிச் சுருங்கியது. கத்தரித் தழும்பும் தெரிந்தது. இதற்குக் கண்ட வழி, பின்புலம் முழுவதும் நுண்புள்ளிகளை நிரப்புவது. ஒளி புள்ளிதோறும் சிதறியதால் மங்கல் மறைந்து வெள்ளிபோல் மின்னியது. லேஸ் பின்னலை ஒத்த இக்கலங்களைப் பிற்காலச் சேகரிப்பாளர்கள் ‘லேசி’ கண்ணாடி என்றனர். அவர்கள் அழகுணர்வு என்று போற்றியதன் வேர் பட்டறைச் சிக்கலில் இருந்தது.

இவ்வகையில் மிகுதியாகக் கிடைப்பது கோப்பைத் தட்டு. அக்காலத்தில் சூடான தேநீரைச் சாசரில் ஊற்றி ஆற்றிக் குடிக்கும் வழக்கம் இருந்தது; அப்போது ஈரக் கோப்பை மேசைவிரிப்பைக் கறைப்படுத்தாதிருக்க உள்ளங்கை அளவிலான இத்தட்டு உதவியது. கழுகு, ஹென்றி கிளேயின் உருவம், பங்கர் ஹில் நினைவுத்தூண் ஆகியன அதில் இடம்பெற்றன. 1840 தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனின் சின்னமான மரக்குடிலும் இடம்பெற்றது. அவர் வர்ஜீனியாவின் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது வேறு செய்தி.

மாசசூசெட்ஸின் சாண்ட்விச் ஊரில் டெமிங் ஜார்விஸ் நிறுவிய ஆலை பெரும்புகழ் பெற்றதால், பழைய அழுத்துக் கண்ணாடி அனைத்தையும் ‘சாண்ட்விச்’ என்றழைக்கும் வழக்கம் வேரூன்றியது. கேம்பிரிட்ஜிலும் பிட்ஸ்பர்க்கிலும், ஏன், பிரான்சிலும்கூட ஒத்த கலங்கள் உருவாயின. வடிவ ஒற்றுமையை மட்டும் கொண்டு பிறப்பிடம் கூறுவது ஆய்வாகாது.

பின்னர், அச்சிலிருந்து எடுத்த கலத்தை மீண்டும் தீயில் காட்டிப் பரப்பை மெருகேற்றும் முறை பரவியது. தட்டையான, எளிய வடிவியல் கோலங்கள் மேலோங்கின. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் புள்ளிகள் ஏறத்தாழ மறைந்தன. இதனை வெறும் ரசனை மாற்றமாக எழுதுவது போதாது. மறைக்க வேண்டிய மங்கல் இப்போது இல்லை.