ஐம்பது பவுனும் ஒரு சொல்லும்

பல சங்கங்கள் கூடிப் பணியாற்றுவது என்றால் என்ன பொருள்? பெரிய சங்கம் ஆணையிடும், சிறிய சங்கம் கைகட்டிக் காசு கொடுக்கும் என்பதா? கருத்து வேறுபட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுவதா? இரண்டும் அல்ல என்பதை 1830-ஆம் ஆண்டிலே இங்கிலாந்து நாட்டு மாதர் சிலர் மெய்ப்பித்துக் காட்டினர்.

மனிதரை விற்கும் வாணிபத்தை பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1807-இல் தடை செய்தது. அதற்கு அடிகோலியது, 1787 மே திங்களில் லண்டன் அச்சகம் ஒன்றிலே கூடிய பன்னிருவர் குழு. ஒன்பதின்மர் குவேக்கர்கள், மூவர் ஆங்கிலத் திருச்சபையினர். குவேக்கர்களுக்கு ஊர்தோறும் அமைப்பு இருந்தது; ஆனால் பாராளுமன்றத்தில் இடம் இல்லை. மற்றவர்க்கு அந்த வாயில் திறந்திருந்தது. வழிபாட்டு வேற்றுமையை ஒதுக்கி வைத்து, ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்தனர், வென்றனர்.

வாணிபம் நின்றது, விலங்கு அறுபடவில்லை! மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் அடிமைகளாகவே உழன்றனர். 1823-இல் லண்டனில் புதிய சங்கம் பிறந்தது. அடிமை நிலையைத் தணிப்பதும், படிப்படியாக ஒழிப்பதும் தன் நோக்கம் எனப் பெயரிலேயே பொறித்துக்கொண்டது.

படிப்படியாகவாம்! எத்தனை படிகள்? ஒரு படிக்கு எத்தனை ஆண்டுகள்? சாட்டையடி படுபவனிடம் அதைக் கேட்டார்களா?

கேட்டார் ஒரு பெண்மணி. லெஸ்டர் நகரத்து எலிசபெத் ஹேரிக், படிப்படியாக அன்று, உடனடியாகவே ஒழிக்கவேண்டும் என்று 1824-இல் துண்டு நூல் வெளியிட்டார். வீடு வீடாகச் சென்று, அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையை வாங்காதீர் என வேண்டினார். மறு ஆண்டு, பர்மிங்காமில் லூசி டவுன்சென்டின் இல்லத்தில் மாதர் சங்கம் ஒன்று தோன்றியது. ஹேரிக் அதன் முன்னணியில் நின்றார். ஊருக்கு ஊர் இத்தகைய சங்கங்கள் கிளைத்தன.

அடிமை ஒழிப்புக்கு அரும்பாடுபட்ட வில்பர்போர்ஸ்கூட, பெண்கள் கூட்டம் கூடுவதும் வீடுதோறும் ஆதரவு திரட்டுவதும் பெண்மைக்கு ஏற்றதன்று என்றார். அவர்கள் திரட்டிய நிதியையோ தலைமைச் சங்கம் தவறாது பெற்றுக்கொண்டது. பணத்துக்கு வரவேற்பு, குரலுக்குத் தடை!

1830 ஏப்ரலில் பர்மிங்காம் மாதர் ஒரு தீர்மானம் நிறைவேற்றினர்: ஆண்டுதோறும் அளிக்கும் ஐம்பது பவுன், பெயரிலுள்ள 'படிப்படியாக' என்ற சொல்லைத் தலைமைச் சங்கம் கைவிட்டால்தான் வரும். பிரிந்து போகிறோம் என்றார்களில்லை. போட்டிச் சங்கம் அமைத்தார்களில்லை. கூட்டணிக்குள் நின்றே, எதற்காகக் கூடினோம் என்று கேட்டார்கள். மறு திங்கள் மாநாட்டில் அச்சொல் நீங்கியது. உடனடி ஒழிப்பே இயக்கத்தின் குறிக்கோளாயிற்று.

1831-இல் ஹேரிக் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் ஜமைக்காவின் அடிமைகளே கிளர்ந்தெழுந்து ஆதிக்கத்தை அதிரவைத்தனர். 1833-இல் ஒன்றேமுக்கால் இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் பாராளுமன்றம் ஏறியது. அவ்வாண்டே ஒழிப்புச் சட்டம் பிறந்தது. அதிலும் அநீதி ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கோடி பவுன் இழப்பீடு, உழைத்தவனுக்கன்று, உடையவனுக்கே சென்றது! 'தொழில் பழகுநர்' என்ற பெயரால் நீடித்த கட்டாய உழைப்பு 1838-இல்தான் முடிந்தது. விடுதலையைத் தவணையில் தரும் எண்ணம் எளிதில் சாவதில்லை.

தோழர்களே, பல மன்றங்கள் கைகோக்கும்போது சில வேற்றுமைகளை மறக்கத்தான் வேண்டும். 1787-இன் பன்னிருவர் மறந்தது வழிபாட்டு வேற்றுமையை. பர்மிங்காம் மாதர் மறக்க மறுத்தது குறிக்கோளை. எதை மறப்பது, எதை மறவாதிருப்பது என்று அறிந்து சேர்வதே கூட்டுறவு. அறியாமல் சேர்வது வெறும் கூட்டம்.