நடுவழி நின்றோர்: பஞ்சாப் யூனியனிஸ்ட் கட்சியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

அரபியில் 'வஸத்' என்னும் சொல்லுக்கு நடு என்னும் பொருளோடு நீதி, மேன்மை என்னும் பொருள்களும் உண்டு. திருக்குர்ஆன் இச்சமுதாயத்தை நடுநிலைச் சமுதாயம் என்று குறிப்பிடுவதற்கு விளக்கம் எழுதிய விரிவுரையாளர் பலர் நீதி என்னும் பொருளை வலியுறுத்தினர். அரசியலில் நடுநிலை நிலைபெற, இரு தரப்புக்கும் இடையில் நிற்பது மட்டும் போதுமா? பிரிவினைக்கு முந்தைய பஞ்சாப் சட்டமன்றத்தின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகிறது.

1923இல் சர் ஃபஸ்லி ஹுசைனும், ரோத்தக் வட்டாரத்து ஹிந்து ஜாட் தலைவரான சோட்டு ராமும் இணைந்து யூனியனிஸ்ட் கட்சியைத் தோற்றுவித்தனர். சமய வேறுபாட்டைக் கடந்து, நிலமுடையோரையும் உழவரையும் ஒன்றிணைப்பதே அதன் நோக்கமாகும். வேளாண் சமூகத்தாரின் நிலம் பிறர் கைக்குச் செல்வதைத் தடுத்த 1900ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காப்பதும், கடன் சுமையைக் குறைப்பதும் அதன் முதன்மைக் கொள்கைகள்.

1937 தேர்தலில், 175 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் அக்கட்சி தொண்ணூறுக்கும் மேற்பட்ட இடங்களை வென்றது. முஸ்லிம் லீக் பெற்றவை இரண்டே. சர் சிக்கந்தர் ஹயாத் கான் தலைமையில் அமைந்த அறுவர் அமைச்சரவையில் மூன்று முஸ்லிம்களும் இரண்டு ஹிந்துக்களும் ஒரு சீக்கியரும் இடம்பெற்றனர். அடகு வைக்கப்பட்ட நிலங்களை உழவருக்கு மீட்டுத் தரும் சட்டம் 1938இல் நிறைவேறியது.

எனினும் அடித்தளத்தில் ஒரு குறை இருந்தது. 1909 முதல் ஆங்கிலேயர் வளர்த்த தனி வாக்காளர் தொகுதி முறையின்படி முஸ்லிம் தொகுதியில் முஸ்லிம்களே வாக்களித்தனர். சீக்கியர் தொகுதியில் சீக்கியர்களே வாக்களித்தனர். முஸ்லிம் வேட்பாளர் ஹிந்து உழவரிடம் வாக்குக் கேட்கும் தேவையே எழவில்லை. ஒற்றுமை அமைச்சரவையில் இருந்தது. வாக்குச்சாவடியில் அதற்கு இடமில்லை.

1937 அக்டோபரில் சிக்கந்தர், ஜின்னாவுடன் உடன்பாடு கண்டார். கட்சியின் முஸ்லிம் உறுப்பினர்கள் லீகிலும் சேர்வர். மாகாணத்தில் யூனியனிஸ்ட் பெயரே நீடிக்கும் என்பது அதன் சாரம். இரண்டு தோணியில் கால் வைத்த இந்நிலை நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1942 டிசம்பரில் சிக்கந்தர் மறைந்தார். அவர் இடத்துக்கு வந்த கிஸ்ர் ஹயாத் கான் திவானாவிடம், அமைச்சரவை லீகின் பெயரைத் தாங்க வேண்டும் என ஜின்னா 1944இல் வற்புறுத்தினார். கிஸ்ர் மறுத்தார், லீகிலிருந்து நீக்கப்பட்டார். 1945 ஜனவரியில் சோட்டு ராமும் காலமானார்.

போர்க்காலத்தில் விலையேற்றமும் அரசின் தானியக் கொள்முதலும் சிற்றூர்களை வாட்டின. அரசுக்குத் துணைநின்ற கட்சியே பழியைச் சுமந்தது. நிலக்கிழார் பலர் லீகுக்கு மாறினர். தர்காக்களின் ஸஜ்ஜாதா நஷீன்கள் பலரும் அதன் பக்கம் சாய்ந்தனர். மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று பரப்புரை செய்தனர். 1946 தேர்தலில் லீக் எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களைப் பெற்றது. யூனியனிஸ்டுகள் இருபது இடங்கள் அளவுக்குச் சுருங்கினர்.

காங்கிரஸ், அகாலி ஆதரவுடன் கிஸ்ர் மீண்டும் ஆட்சி அமைத்தார். எண்ணிக்கையில் அது பெரும்பான்மை. ஆனால் முஸ்லிம் வாக்காளருள் பெரும்பாலோர் தேர்ந்தெடுத்த கட்சி வெளியே நின்றது. லீகின் போராட்டம் வலுத்த நிலையில் 1947 மார்ச் 2இல் அவர் பதவி விலகினார். அதே மாதம் ராவல்பிண்டிப் பகுதியில் சீக்கியரும் ஹிந்துக்களும் கொன்று குவிக்கப்பட்டனர். ஆகஸ்டில் பஞ்சாப் பிளவுண்டபோது இரு புறத்திலும் மூன்று சமூகத்தாரும் அழிவுக்குள்ளாயினர்.

யூனியனிஸ்டுகளைத் துரோகிகள் என்போரும் உளர். தியாகிகள் என்போரும் உளர். இரண்டும் மிகை. நிலம் பற்றிய கேள்விக்கு அவர்கள் நல்ல விடை தந்தனர். ஆங்கிலேயர் சென்றபின் ஆள்வோர் யார் என்னும் கேள்வி எழுந்தபோதோ, மக்களை ஏற்கச் செய்யும் விடை அவர்களிடம் இல்லை. நிலக்கிழார் செல்வாக்கையும் ஆளுநர் ஆதரவையும் நம்பி, மக்களிடையே கட்சி அமைப்பை வளர்க்கத் தவறினர். பல சமயத்தார் கூடி வாழும் நாட்டில், பிற சமூகத்தாரிடமும் வாக்குக் கேட்கும் கடப்பாடு வேட்பாளருக்கு இருப்பது எத்துணை இன்றியமையாதது என்பதைப் பஞ்சாப் உணர்த்துகிறது.