சீரங்கப்பட்டினத்துக் கைத்துப்பாக்கிகள்: பிறப்பிடமும் காலமும்

போர்க்கருவிகள் தாம் பிறந்த மண்ணிலேயே நிலைத்திருப்பது அரிது. வென்றவன் கைக்கும் விலைகொடுத்தவன் கைக்கும் மாறிமாறிச் சென்று, ஈற்றில் நூதனசாலையொன்றின் கண்ணாடிப் பேழையினுள்ளோ செல்வர் ஒருவரின் மாளிகைச் சுவரிலோ அவை அடைக்கலம் புகுகின்றன. அந்நிலையில் அவற்றைச் செய்த ஊர் யாது, செய்வித்தவர் யாவர், செய்த காலம் எது என்பன எல்லாம் மறைந்துபோகின்றன. இவ்வாறு ஊரும் பேரும் இழந்த கருவியின் வரலாற்றை மீட்பது எங்ஙனம் என்னும் வினாவிற்கு, மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் தலைநகராகிய சீரங்கப்பட்டினத்திற் செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகள் தக்கதொரு விடையை அளிக்கின்றன. அவற்றின் பிறப்பிடத்தையும் காலத்தையும் உணர்த்தும் சான்று அவற்றின் மேலேயே பொறிக்கப்பட்டுள்ளது. ஆயின், அதனைப் படிக்கும் முறை அறியாதார்க்கு அச்சான்றே பொய்ச்சான்றாகிவிடும்.

இத்துப்பாக்கிகளின் அருமையை உணர்தற்கு அக்காலத்துச் சுடுகருவிகளின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். வெடியுப்பு ஏறக்குறைய 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்த கரிய வெடிமருந்தே அன்று எங்கும் வழங்கியது. இந்திய நாட்டுப் படைகளிற் பெருவழக்காயிருந்தது திரித்துப்பாக்கியாகும். கனன்றுகொண்டிருக்கும் திரியைப் பற்றுவாயிலுள்ள மருந்திற் படியச்செய்து வெடிதீர்ப்பது அதன் முறை. அது எளிய அமைப்புடையது. ஊர்க் கொல்லனாலும் செப்பனிடத்தக்கது. ஆயின், எரியும் திரியுடன் கூடிய கருவியை இடைக்கச்சையிற் செருகுதலோ குதிரைச் சேணத்தில் வைத்துச் செல்லுதலோ இயலாது. எனவே, கைத்துப்பாக்கிக்கு வேறொரு பொறி தேவைப்பட்டது. குதிரை எனப்படும் உறுப்பின் வாயிற் பற்றிய சக்கிமுக்கிக் கல், வில்லின் விசையால் உருக்குத் தகட்டில் உராய்ந்து தீப்பொறி சிந்த, அப்பொறி பற்றுவாய் மருந்தைக் கொளுத்தும். இதற்கு நுண்ணிதாகப் பதமிடப்பட்ட உருக்கு விற்கள் வேண்டும். ஐரோப்பாவில் வளர்ந்த இப்பொறியை இந்திய அரசன் ஒருவன் தன் தலைநகரிலேயே செய்வித்தான் என்பது வியப்புக்குரிய செய்தியாகும்.

திப்பு 1782இல் அரசுரிமை பெற்று 1799 வரை ஆட்சி புரிந்தான். சீரங்கப்பட்டினம், பெங்களூர், சித்திரதுர்க்கம், நகரம் எனப்பட்ட பெதனூர் ஆகிய இடங்களில் தொழிற்சாலைகளை நிறுவினான். 1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி ஆங்கிலேயர் சீரங்கப்பட்டினக் கோட்டையைத் தகர்த்துப் புகுந்தபோது அவன் போர்க்களத்தில் மாண்டான். அம்முற்றுகையிற் கலந்துகொண்ட படைகளுள், இலங்கையில் ஒல்லாந்தரிடம் கூலிக்குப் பணிபுரிந்து 1795இல் ஆங்கிலேயர் சேவைக்கு மாறிய டி மியூரோன் என்னும் சுவிசுப் படையும் ஒன்றென்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. கோட்டை வீழ்ந்ததும் நகரம் சூறையாடப்பட்டது. எஞ்சிய அரண்மனைப் பொருள்கள் வெற்றிப் பரிசிலாகப் பங்கிடப்பட்டன. அவ்வாறு கடல் கடந்தவற்றுட் சில பிரித்தானிய அரச குடும்பத்தின் சேகரத்தைச் சேர்ந்தன. சில இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் உள்ளன. பிற பல தனியார் வசமாயின. ‘திப்புவின் கருவி’ என்னும் பெயர் விலையை உயர்த்தும் பெயராதலால், அவனோடு தொடர்பற்ற கருவிகளுக்கும் அப்பெயர் சூட்டப்பட இடமுண்டாயிற்று. ஆகவே, உண்மையானதைப் போலியினின்றும் பிரித்தறிதல் ஆராய்ச்சியாளர் கடனாயிற்று.

முதற்கண் நோக்கத்தக்கது அணிவேலைப்பாடாகும். புலியைத் தன் ஆட்சியின் இலச்சினையாகக் கொண்டவன் திப்பு. அவன் சிங்காதனத்திலும் படைவீரர் உடையிலும் கொடியிலும் புலியுருவோ புலிவரியோ விளங்கியது. துப்பாக்கிகளிலும் பப்ரி எனப்படும் புலிவரி குழலின் மீதும் கட்டையின் மீதும் இழைக்கப்பட்டிருக்கும். குதிரை என்னும் உறுப்பே புலித்தலையாய் அமைந்திருத்தலும் உண்டு. சில சோடிகளில் ஒரு துப்பாக்கிக்கு வலப்புறத்திலும் மற்றையதற்கு இடப்புறத்திலும் பொறி அமைத்து, ஒன்று மற்றொன்றின் கண்ணாடி நிழல் போலச் செய்துள்ளனர். ‘இறைவனின் வெற்றிச் சிங்கம்’ என்று பொருள்படும் அரபுத் தொடர் புலிமுகம் போன்று சுழித்தெழுதப்பட்டிருப்பதும் காணலாம். அது அலி அவர்களுக்குரிய சிறப்புப் பெயர். ஐதர் என்பதும் அவருக்குரிய பெயரே. சிங்கம் என்னும் பொருளும் அதற்குண்டு. எனவே அத்தொடர் சமயப் பற்றையும் திப்புவின் தந்தையாகிய ஐதர் அலியின் பெயரையும் ஒருங்கே நினைவூட்டியது. எனினும், அணிவேலைப்பாடு பிற்காலத்தார் பார்த்துச் செய்தற்கும் எளிது. அதனை மட்டும் கொண்டு முடிவு கூறல் தகாது.

இரண்டாவது சான்று எழுத்துப்பொறிப்பு. ஐதரின் பெயரில் முதலெழுத்தாகிய அரபு ‘ஹ’, மைசூர்க் காசுகளிற் போலவே படைக்கருவிகளிலும் முத்திரையாக இடப்பட்டது. திப்பு தன் அரசை ‘இறைவன் அளித்த அரசு’ என்று பொருள்படும் ‘சர்க்காரே குதாதாத்’ என்னும் பாரசீகப் பெயரால் அழைத்தான். சீரங்கப்பட்டினம் காசுகளிற் ‘பட்டன்’ என்றே குறிக்கப்பட்டது. இவ்விரு பெயர்களும் வினைஞன் பெயரும் பொறியின் மீது காணப்படின், அக்கருவியின் பிறப்பிடம் பெரிதும் தெளிவாகும்.

மூன்றாவது சான்று ஆண்டெண். இதுவே மிகவும் வலியது, மிகவும் மயக்குவதும் இதுவே. ஒரு கைத்துப்பாக்கியில் 5221 என்னும் எண் காணப்படுவதாக வைத்துக்கொண்டால், எந்தச் சகாப்தத்திலும் அதற்குப் பொருத்தமான பொருள் கிடையாது. அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லினும், எண்களின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகவே எழுதப்படுவது வழக்கம். திப்புவோ அவ்வழக்கை மாற்றி, எண்களையும் வலமிருந்து இடமாகவே எழுதச் செய்தான். அம்முறைப்படி நோக்கின் 5221 என்பது 1225 ஆகும். இதனை ஹிஜிரி ஆண்டெனக் கொண்டாற் கி.பி. 1810 என்னும் காலம் பெறப்படும். அப்போது திப்பு மாண்டு பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சீரங்கப்பட்டினம் ஆங்கிலேயர் ஆணையின் கீழ் இருந்தது. ஆகவே, அத்துப்பாக்கி போலி என்று தள்ளப்படும். உண்மையான கருவி தன் உண்மையான ஆண்டெண்ணாலேயே பழிக்கு ஆளாகும் விந்தை இஃதாகும்.

இம்மயக்கத்தைத் தீர்ப்பது திப்புவின் புதிய காலக்கணிப்பு. 1787ஆம் ஆண்டளவில் அவன் ஹிஜிரிக்குப் பதிலாக, நபிகள் நாயகத்தின் பிறப்பை முதலாகக் கொண்ட மௌலூதி சகாப்தத்தை வழங்கச் செய்தான். அதன் முதல் ஆண்டெண்ணாகக் காசுகளில் வெளிப்படுவது 1215 ஆகும். ஹிஜிரி ஆண்டு முற்றிலும் சந்திரனைச் சார்ந்ததாகையாற் பருவங்களோடு ஒத்து நில்லாது, ஆண்டுதோறும் ஏறக்குறையப் பதினொரு நாள் முந்தும். மௌலூதி ஆண்டோ தென்னாட்டு இந்துக்களின் பஞ்சாங்கத்தைத் தழுவியது. சைத்திர மாதம் அகமதி எனப் பெயர் பெற்று ஆண்டைத் தொடங்கிவைத்தது. அதிக மாதங்களும் இடையிடையே சேர்க்கப்பட்டன. பிரபவ முதல் அட்சய ஈறாகிய அறுபதாண்டு வட்டமும் மாறாது பின்பற்றப்பட்டது. பெயர்கள் மட்டுமே புதியன. இதனை வில்லியம் கேக்பற்றிக்கு 1811இல் வெளியிட்ட திப்புவின் கடிதத் தொகுப்பில் ஆராய்ந்துள்ளார்.

இவ்வுண்மை அறிந்தபின் கணக்கு எளிதாகின்றது. மௌலூதி எண்ணோடு 572ஐக் கூட்ட, அவ்வாண்டு தொடங்கும் கிறித்து ஆண்டு கிடைக்கும். 1225 என்பது 1797ஆம் ஆண்டு இளவேனிலில் தொடங்கிய பிங்கள ஆண்டு. அஃதாவது, போலியெனத் தள்ளப்படவிருந்த துப்பாக்கி, கோட்டை வீழ்வதற்கு ஏறக்குறைய இரண்டாண்டுகளின் முன்னர் பிறந்ததாகும். இம்முறையால் ஓர் எல்லையும் வரையறுக்கப்படுகின்றது. 1215க்கு முற்பட்ட எண்ணோ 1227க்குப் பிற்பட்ட எண்ணோ மௌலூதி ஆண்டாகத் திப்புவின் தொழிற்சாலையில் இடம்பெற்றிருத்தல் இயலாது. 1227 பிறந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் அரசே முடிந்துவிட்டது. எப்பக்கத்தினின்று படிப்பினும் மாறாத எண் 1221 ஒன்றேயாகும். அது 1793இல் தொடங்கியது.

இனி, இத்துணைச் சிறந்த வேலை ஐரோப்பியர் கைத்திறனேயாகும் என்னும் ஐயம் எழக்கூடும். அதனையும் சான்று கொண்டே அளத்தல் வேண்டும். திப்புவின் தூதர் மூவர் 1788இற் பிரான்சு சென்று, ஆகத்து மாதத்தில் வெர்சேய் அரண்மனையிற் பதினாறாம் லூயி மன்னனைக் கண்டனர். படைத்துணையோடு கைவினைஞரையும் அவர்கள் வேண்டினர்; மறுவருடம் அவர்கள் மீண்டபோது பிரான்சிய வினைஞர் சிலரும் உடன்வந்தனர். எனவே பிரான்சியர் பயிற்சி இத்தொழிலிற் கலந்ததென்பதை மறுத்தற்கில்லை. பொறியின் வடிவமே ஐரோப்பியத் துப்பாக்கிகளைப் பார்த்து அமைத்ததாகும். எனினும், பார்த்துச் செய்தல் வேறு. வாங்கிவந்து பெயர் பொறித்தல் வேறு. 1637இல் அரச பட்டயம் பெற்ற இலண்டன் துப்பாக்கி வினைஞர் சங்கத்தின் பரிசோதனை முத்திரை, அந்நகரிற் பரிசோதிக்கப்பட்ட குழல்களில் இருத்தல் வேண்டும். அத்தகைய அயல் முத்திரை எதுவுமின்றி, குழலிலும் பொறியிலும் மைசூர் முத்திரையும் பட்டன் என்னும் பெயரும் மௌலூதி ஆண்டும் ஒருங்கு பொருந்துமாயின், அக்கருவியைச் செய்தவர் காவிரிக் கரையில் வாழ்ந்த வினைஞரே எனத் துணியலாம்.

இத்துப்பாக்கிகளை நிரல்படுத்தி ஆராய்ந்தவருள் றொபின் விகிங்டன் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். 1783 தொடக்கம் 1799 வரையிலான திப்புவின் சுடுகருவிகள் பற்றிய அவரது நூல் 1992இல் வெளிவந்தது. அவர் திரட்டிய சேகரம் 2005இல் இலண்டனில் ஏலத்தில் விற்கப்பட்டுப் பலரிடம் சிதறியது. பொருள்கள் மீண்டும் கைமாறுந்தோறும் அவற்றைப் படிக்கும் அறிவு இன்றியமையாததாகின்றது.

வரலாறு பயில்வோர்க்கு இதனாற் பெறப்படும் பாடம் ஒன்றுண்டு. சான்று கிடைத்தல் மட்டும் போதாது. அச்சான்றை ஆக்கியோர் எம்மொழியிற் பெயரிட்டனர், எத்திசையில் எழுதினர், எப்பஞ்சாங்கத்தில் நாளெண்ணினர் என்பனவற்றையும் அறிதல் வேண்டும். திப்புவின் வெற்றியும் தோல்வியும் நூல்கள் பலவற்றில் விரித்துரைக்கப்பட்டுள்ளன. உருக்கை அடித்து வில்லாக்கி, கட்டையிற் புலிவரி இழைத்த வினைஞர்க்கோ துப்பாக்கியின் மேற் பொறித்த சிறு வரியைத் தவிர வேறு நினைவுச்சின்னம் இல்லை. அவ்வரியைப் பிழையறப் படித்தலே அவர்க்குரிய நீதியாகும்.