வேலைக்குப் போன நகரமும் குடியிருந்த தெருவும்

நம் கழகத்தின் துணையோடு படித்து முடித்த இளைஞர்கள் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்கின்றனர். நியமன ஆணை கைக்கு வந்ததும் அவர்கள் மூத்தோரிடம் கேட்கும் முதற் கேள்வி, "எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?" என்பதுதான். பிற சமூகத்து இளைஞனுக்கு இக்கேள்வி வாடகை, பஸ் வசதி, குடிநீர் என்ற அளவில் முடிந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு அதன் பின்னும் ஒன்று மிஞ்சி நிற்கிறது. வீட்டுக்காரர் ஊரைக் கேட்பார். பிறகு தெருவைக் கேட்பார். தகப்பனார் செய்த தொழிலைக் கேட்பார். அதற்கு என்ன விடை சொல்வது?

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நம்மவர் இக்கேள்விக்கு விடை கண்டுகொண்டே நகரங்களில் குடியேறி வந்திருக்கின்றனர். அவற்றுட் சிலவற்றை இவ்வெள்ளி விழா மலரில் எடுத்து வைக்க விழைகிறோம்.

முதலில் சென்னையைப் பார்ப்போம். பெரம்பூரில் 1856-ஆம் ஆண்டு இரயில்வே பட்டறை தோன்றியது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் பின்னி கம்பெனியாரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் எழுந்தன. செங்கற்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டங்களில் பண்ணையாட்களாய்ப் பிழைத்த நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளோடு அங்கே வந்து சேர்ந்தனர். அவர்கள் குடியிருக்க இடம் தேர்ந்த முறை எளியது. ஆலைச் சங்கு காதில் விழ வேண்டும். முன்பே வந்துவிட்ட மாமனோ பங்காளியோ பக்கத்தில் இருக்க வேண்டும். தரை வாடகை கையிலிருக்கும் காசுக்கு அடங்க வேண்டும். இம்மூன்றும் கூடிய இடங்களாகப் புளியந்தோப்பும் வியாசர்பாடியும் அமைந்தன. மழைக்காலத்தில் நீர் தேங்கும் பள்ளங்கள் அவை. பிறர் வேண்டாமென்று விட்ட நிலத்தில் நம்மவர் குடிசை போட்டனர். கிராமத்தில் ஊர் வேறு, சேரி வேறு. நகரத்தில் அந்தக் கோடு அழிந்துவிடும் என்று நம்பி வந்தவர்கள், கோடு சற்று மங்கலாக அங்கும் கிடப்பதைக் கண்டனர்.

சுற்றத்தாரோடு சேர்ந்து குடியிருப்பது காவலா, கண்ணியா? இதற்கு 1921-ஆம் ஆண்டு கசப்பான விடை ஒன்றைத் தந்தது. அவ்வாண்டு மே மாதம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கி, ஜூனில் பக்கிங்காம் ஆலைக்கும் பரவியது. முந்தைய போராட்டத்தின் கடன் சுமை தீராத ஆதிதிராவிடத் தொழிலாளருள் மிகப் பலர் வேலைக்குத் திரும்பினர். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் நம்மவர் குடிசைகள் தீக்கிரையாயின. கலவரம் வாரக் கணக்கில் நீடித்தது. வீடிழந்தோருக்கு அரசாங்கம் வியாசர்பாடியில் முகாம் அமைத்தது. ஆகஸ்டு 29-ஆம் நாள் போலீசார் சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

தொழிற்சங்க வரலாறு எழுதுவோர் சிலர், ஆதிதிராவிடர் கருங்காலிகளாயினர் என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். நாம் இதனை ஏற்பதற்கில்லை. ஊரில் காணி நிலமும், கடன் கொடுக்க உறவும் உள்ளவன் மூன்று மாதம் சம்பளமின்றி இருக்கலாம். இரண்டும் இல்லாதவன் எத்தனை நாள் இருப்பான்? அது நிற்க. குடியிருப்பைப் பற்றி நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. பட்டறையில் ஒரே தறியருகே நின்ற இருவர் மாலையில் வெவ்வேறு தெருக்களுக்குத் திரும்பினர். யார் வீடு எது என்று விசாரிக்க வேண்டிய தேவையே தீ வைத்தவர்களுக்கு இருக்கவில்லை. தெருவைக் கொண்டே ஆளை அறிந்துகொண்டனர். அதே தெருதான் வீடிழந்தவர்களுக்குக் கஞ்சியும் ஊற்றியது. இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆலைப் பக்கம் போகாமல் நகரின் வேறு பகுதியில் தங்கியவர்களும் உண்டு. நீலகிரியில் பல ஆண்டுகள் பணியாற்றிய பண்டிதர் அயோத்திதாசர் சென்னைக்கு வந்து இராயப்பேட்டையில் அமர்ந்தார். 1907-ஆம் ஆண்டு "ஒரு பைசாத் தமிழன்" இதழ் அங்கிருந்தே வெளிவந்தது. ஐரோப்பியர் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்த நம்மவர் குடும்பங்களிடையே எழுதப் படிக்கத் தெரிந்தோர் பெருகி வந்த காலம் அது. அச்சுக்கூடமும் வாசகரும் சேர்ந்து கிடைத்தால் பத்திரிகை நிலைக்கும் என்பதைப் பண்டிதர் அறிந்திருந்தார்.

இரட்டைமலை சீனிவாசனாரும் நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்துவிட்டு 1890-இல் சென்னைக்கு வந்தவரே. கோவையில் படித்த நாட்களைப் பற்றி அவர் தமது வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருப்பதை நம் இளைஞர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். உடன் படிப்போர் தம் ஊரையும் உறவையும் கேட்டுச் சாதியை அறிந்துவிடுவரோ என்று அஞ்சி, மணியடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே இருந்து படித்ததாக அவர் கூறுகிறார். ஊர் எது, உறவு யார் என்ற அந்தக் கேள்விகள் இன்று வீட்டு வாசற்படியில் கேட்கப்படுகின்றன. அன்று அஞ்சிய சிறுவர் 1893-இல் "பறையன்" என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மறைத்து வாழ்தல் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் பரோடா அனுபவத்தை விடச் சான்று வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துத் திரும்பிய அவர், உதவித்தொகை ஒப்பந்தப்படி 1917 செப்டம்பரில் பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றார். அலுவலகத்தில் நாற்காலி காத்திருந்தது. ஊரில் படுக்க இடமில்லை. இந்து விடுதிகள் சேர்க்கமாட்டா என்பது தெரிந்ததே. பார்சி விடுதி ஒன்றிருப்பதைக் கேள்வியுற்றுச் சென்றார். அங்கே பார்சிகள் மட்டுமே தங்கலாம். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதுவது என்று விடுதிக்காரரோடு உடன்பாடு செய்துகொண்டு மாடியில் குடிபுகுந்தார். தட்டுமுட்டுச் சாமான்கள் அடைத்துக் கிடந்த கூடத்தில், மங்கிய அரிக்கேன் விளக்கொளியில், பேச்சுத் துணையின்றிப் புத்தகங்களோடு இரவுகளைக் கழித்தார். பதினொராம் நாள் காலை, கையில் கோலேந்திய பார்சிகள் பன்னிருவர் அளவில் மாடியேறி வந்தனர். மாலைக்குள் வெளியேற வேண்டும் என்பது கட்டளை. இந்து நண்பர் ஒருவரிடம் இடம் கேட்டார். வேலைக்காரர்கள் வீட்டை விட்டுப் போய்விடுவார்கள் என்று அந்த நண்பர் வருந்தினார். கிறிஸ்தவ நண்பரோ மனைவியைக் கலந்துகொண்டுதான் சொல்ல முடியும் என்றார். பொதுப் பூங்காவில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அண்ணல் இரவு இரயிலில் பம்பாய் திரும்பினார். கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் படித்துத் தேறிய அறிஞர் ஒருவரைப் பரோடா இழந்ததற்குக் காரணம் ஒரு வாடகை அறை.

பம்பாயில் அவர் வாழ்ந்த இடம் பரேல். 1896-ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்டின் தொழிலாளர் குடியிருப்பில் இரண்டு அறைகள். அவற்றுள் ஒன்று படிப்பதற்கு. ஆலைத் தொழிலாளரின் இரைச்சலுக்கு நடுவே இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் அங்கே குடும்பம் நடத்தினார். கட்சிக்காரர் வந்தனர், மாணவர் வந்தனர், இயக்கமும் அங்கே வளர்ந்தது. பின்னர் 1930-களில் தாதர் இந்து காலனியில் "இராஜகிருகம்" எழுப்பிக் குடிபெயர்ந்தார். மேல்சாதியார் மிகுந்த பகுதி அது. நூல்களை வைக்கவென்றே அவர் திட்டமிட்ட வீடு. மக்களை விட்டுத் தள்ளிப் போய்விட்டார் என்று எவரேனும் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறோம். பரேலிலிருந்து தாதருக்கு நடந்தே வரலாம், மக்களும் வந்தனர்.

அதே பம்பாயில், மாகிம் சிற்றாற்றங்கரைச் சதுப்பு நிலத்தைத் தூர்த்துத் தாராவியைக் குடியிருக்கத்தக்கதாக்கிய கைகளுள் திருநெல்வேலிச் சீமை ஆதிதிராவிடரின் கைகளும் உண்டு. தோல் பதனிடும் கொட்டில்களின் நாற்றம் பிறரை விலக்கியது. நம்மவருக்கு அதுவே இடம் தந்தது. இன்று அந்நிலத்தின் மதிப்பைக் கேட்டுப் பெருமுதலாளிகள் வருகின்றனர்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ, வாங்கவோ, குடியிருக்கவோ தீண்டாமையின் பேரால் தடை செய்வது அதன் நான்காம் பிரிவின்படி குற்றம். இது தெரிந்ததாலோ என்னவோ, வீட்டுக்காரர் எவரும் காரணத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. "நேற்றுத்தான் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்பார், "சைவமா?" என்று கேட்பார். வழக்கறிஞர் எவ்வளவு வல்லவராயினும் "நேற்றுத்தான்" என்ற சொல்லைக் குறுக்கு விசாரணை செய்வது அரிது. இன்னொரு செய்தி: குஜராத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுச் சங்கமொன்று தம்மவரை மட்டுமே உறுப்பினராக்கலாம் என்ற விதியை, 2005-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பரோடாவும் இன்று குஜராத்தில்தான் இருக்கிறது.

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே தரப்படாதோரும் நம்மிடையே மிகப் பலர். சென்னையில் 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது நடைமுறையாயிருந்தது. 2000-ஆம் ஆண்டளவில் கண்ணகி நகர் எழுந்தது. பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரின் ஆற்றோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் இருந்த குடும்பங்கள் அங்கே கொண்டு சேர்க்கப்பட்டன. கூரை கெட்டியாயிற்று, வேலையோ இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போயிற்று. வீட்டு வேலை செய்த பெண்கள் பஸ் கட்டணத்துக்கும் நேரத்துக்கும் ஈடு கொடுக்க இயலாமல் வேலையை விட்டனர். வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அன்று ஆலைச் சங்கு கேட்கும் தூரத்தில் குடிசை போட்ட நம் பாட்டனாருக்கு இருந்த அறிவு, திட்டம் தீட்டியவர்களுக்கு இல்லாமற் போனது வியப்பே.

சாதி கேட்காமல் வீடு தந்த இடம் ஒன்று உண்டு. அது கோலார் தங்க வயல். 1880-களில் ஆங்கிலக் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டியபோது, வட ஆர்க்காட்டிலிருந்து நம்மவர் திரள் திரளாகச் சென்றனர். மாரிகுப்பம், சாம்பியன் ரீப், உரிகம் முதலிய சுரங்கங்களையொட்டி மூங்கில் தட்டியால் அமைந்த வரிசை வீடுகளைக் கம்பெனியே ஒதுக்கியது. "லைன்" என்று அவற்றுக்குப் பெயர். நீ எந்த லைனில் இருப்பாய் என்று கம்பெனி சொல்லும். நீ சொல்ல முடியாது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. இயந்திரங்களுக்கே முதலில் வந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஆயினும் அந்தத் தட்டி வீடுகளுக்கு நடுவே நம்மவர் செய்தது பெரிது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பௌத்த சங்கங்களை நிறுவினர். சுரங்கத்திலிருந்து ஏறி வந்து கைகால் கழுவியதும் "தமிழன்" இதழை ஒருவர் படிக்க மற்றவர் கேட்டனர். சாம்பியன் ரீப் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. பண்டிதர் மறைந்தது 1914-இல். நின்றுபோன "தமிழன்" 1926-இல் மீண்டும் உயிர்பெற்றது, கோ. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு, தங்க வயலிலிருந்துதான். 1930-இல் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்யக் கம்பெனி முற்பட்டபோது, குற்றவாளிகளைப் போல நடத்துவதா என்று கேட்டுச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தெருவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அத்தெருவில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். புளியந்தோப்பில் தெருவைக் கண்டு பிறர் ஆளை அறிந்தனர் என்றோம்; தங்க வயலில் புத்தகசாலையைக் கொண்டு தெருவை அறிந்தனர்.

இதனால்தான் வீடு பார்க்கச் செல்லும் இளைஞரிடம் நாம் வாடகைக்கு முன் சிலவற்றை விசாரிக்கச் சொல்கிறோம். நடந்து போகும் தூரத்தில் நூலகம் உண்டா? இரவு பத்து மணிக்கு நம் தங்கை தனியே திரும்ப முடியுமா? அண்ணலின் படத்தைச் சுவரில் மாட்டலாமா? அவசரத்துக்குக் கதவைத் தட்ட அப்பகுதியில் ஒருவரேனும் இருக்கின்றாரா? நம்மவர் மட்டுமே வாழும் தெருவாக இருக்க வேண்டியதில்லை. நம்மவர் ஒருவரும் இல்லாத தெருவில் பெயரை மாற்றிச் சொல்லிக் குடிபுகுவதை மட்டும் நாம் பரிந்துரைக்கமாட்டோம். பதினொராம் நாள் அங்கும் வரும்.

தங்க வயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மீண்டும் அதே கேள்வி எழுந்தது. பெங்களூருக்குக் குடிபெயர்ந்தவர் பலர். பெயராதவர்களும் பலர், பாட்டன் இருந்த லைனையும் விகாரையையும் பள்ளியையும் விட அவர்களுக்கு மனமில்லை, பெங்களூர் வாடகைக்குக் கையில் பணமும் இல்லை. பாட்டன்மாரை மூட்டையோடு இறக்கிவிட்ட அதே மாரிகுப்பம் நிலையத்தில் விடியுமுன் இரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம் செய்து பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இரவு அதே இரயிலில் அவர்கள் வீடு திரும்புகின்றனர்.